அணிப் பெருக்கல் ஏன் இப்படி? யார், எப்போது, எதற்காக இதைச் செய்தார்கள்?

மடிப்பாக்கம் மாவுக்கடை | சனி, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். நான் பத்தாவதோட நின்னவ. மடிப்பாக்கத்துல ஈரமாவு அரைச்சு பாக்கெட் போட்டு விக்கறேன். பொண்ணு பிளஸ் டூ. அவளுக்காகத்தான் கேக்கறேன்.

எண்களைக் கட்டமா அடுக்கற அணிகள் பாடத்துல கூட்டல் கழித்தல் அவளுக்குப் புரியுது. அந்தந்த இடத்துல இருக்கறதை அந்தந்த இடத்தோட கூட்டறோம். பெருக்கல் மட்டும் ஏன் நிரையை (படுக்கை வரிசை) எடுத்து நிரல் (நெடுக்கு வரிசை) மேல சாய்ச்சு, ஒவ்வொண்ணா பெருக்கி, அப்புறம் கூட்டணும்? டியூஷன்ல கேட்டிருக்கா. "அது விதி, எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டாங்களாம். போன வருஷம் அப்படியே விட்டுட்டா. இந்த வருஷம் முதல் பாடமே திரும்ப அணிதான். நான் கிரைண்டர் கழுவி வெச்சுட்டு வரேன், அவ இன்னும் அதே பக்கத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கா.

யாரோ ஒருத்தர் இதை முதல்ல செஞ்சிருப்பாங்க இல்லையா? அவங்களுக்கு என்ன தேவை இருந்துச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கிண்டி மாணவன் | சனி, இரவு 11.48

அக்கா, அணிப் பெருக்கலை ஆர்தர் கெய்லிங்கற ஆங்கிலேயர் 1858-ல வரையறுத்தார். அதுக்கு முன்னாடி ஜெர்மன் கணித மேதை காஸ் நீக்கல் முறையை (சமன்பாடுகள்ல மாறிகளை ஒவ்வொண்ணா நீக்கி விடை காணறது) கண்டுபிடிச்சார். காணாமப் போன செரிஸ் சிறுகோள் எங்க இருக்கும்னு கணக்குப் போட்டுச் சொன்னவரும் அவர்தான். எங்க முதல் செமஸ்டர்ல இவ்வளவுதான் சொன்னாங்க. பெருக்கல் ஏன் அப்படின்னு எங்களுக்கும் யாரும் சொல்லல.


திருவல்லிக்கேணி வாத்தியார் | ஞாயிறு, காலை 6.05

தம்பி சொன்ன 1858 சரி. காஸ் பற்றிய பகுதியைத் திருத்த வேண்டும், பிறகு வருகிறேன். முப்பத்தோரு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவன் நான். இந்தக் கேள்வி கேட்ட பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். உங்கள் மகளை முதலில் பாராட்டுங்கள் அம்மா.

காரணத்தை உங்கள் கடையில் வைத்தே சொல்கிறேன். இரண்டு வீட்டில் விசேஷம். முதல் வீட்டுக்கு இட்லி மாவு 3 வாளி, தோசை மாவு 2 வாளி. இரண்டாவது வீட்டுக்கு இட்லி மாவு 1 வாளி, தோசை மாவு 4 வாளி. இது ஒரு கட்டம். ஒரு வாளி இட்லி மாவுக்கு அரிசி 4 படி, உளுந்து 1 படி. ஒரு வாளி தோசை மாவுக்கு அரிசி 5 படி, உளுந்து 1 படி என்று வைத்துக்கொள்வோம். இது இன்னொரு கட்டம்.

இப்போது முதல் வீட்டுக்கு எவ்வளவு அரிசி ஊறவைப்பீர்கள்? 3 வாளிக்கு நான்கு நான்காக 12 படி, 2 வாளிக்கு ஐந்தைந்தாக 10 படி, மொத்தம் 22. நீங்கள் யோசிக்காமலே செய்வீர்கள். என்ன செய்தீர்கள் என்று பாருங்கள்: முதல் கட்டத்தின் நிரையை (3, 2) எடுத்து, இரண்டாவது கட்டத்தின் அரிசி நிரல் (4, 5) மேல் சாய்த்து, பெருக்கிக் கூட்டியிருக்கிறீர்கள். உளுந்துக்கு 3 + 2 = 5. இரண்டாவது வீட்டுக்கு அரிசி 4 + 20 = 24, உளுந்து 1 + 4 = 5. வீட்டிலிருந்து மாவுக்கு ஒரு கட்டம், மாவிலிருந்து தானியத்துக்கு ஒரு கட்டம். நடுவில் இருக்கும் மாவை மறைத்துவிட்டு, வீட்டிலிருந்து நேராகத் தானியத்துக்குப் போனால் வரும் மூன்றாவது கட்டம்தான் பெருக்கற்பலன்.

கெய்லிக்கும் இதே தேவைதான். ஒரு கூட்டம் மாறிகளை வேறு மாறிகளால் எழுதுகிறோம், அவற்றை இன்னும் வேறு மாறிகளால் எழுதுகிறோம். இரண்டு பிரதியிடலையும் சேர்த்து ஒரே அடியில் செய்ய எண்கள் எப்படி மாறும்? அந்த மாற்றத்துக்கு அவர் ஒற்றை எழுத்துகளில் பெயர் வைத்து, அவற்றை எண்களைப் போலவே கூட்டலாம், பெருக்கலாம், அடுக்கேற்றலாம் என்று காட்டினார். பிரதியிடலைச் சேர்க்கும் வேலையைக் காஸ் 1801-லேயே இருபடி வடிவங்களுக்குச் செய்திருக்கிறார். வரிசை மாறினால் விடை மாறும் என்பதை ஜெர்மன் கணித அறிஞர் ஐசன்ஸ்டைன் 1840களில் கவனித்து எழுதினார்.

வரிசை ஏன் முக்கியம் என்பதும் உங்கள் கடையிலேயே தெரியும். கட்டங்களை மாற்றிப் பெருக்கினால் முதல் இடத்தில் 4×3 + 1×1 = 13 வரும். அந்த 13 எதைச் சொல்கிறது? இட்லி மாவின் அரிசிப் படியை முதல் வீட்டின் வாளியால் பெருக்கி, உளுந்துப் படியை இரண்டாவது வீட்டின் வாளியால் பெருக்கிக் கூட்டியிருக்கிறோம். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை.


மடிப்பாக்கம் மாவுக்கடை | ஞாயிறு, காலை 9.15

சார், காலை வியாபாரம் முடிஞ்சு இப்பதான் படிச்சேன். பொண்ணுக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டினேன். "இதுதானாம்மா"ன்னு கேட்டுட்டு நோட்டை எடுத்துட்டுப் போயிட்டா. ரொம்ப நன்றி.

ஒண்ணே ஒண்ணு. தோசைக்கு நாங்க வெந்தயமும் போடுவோம், ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி. அப்போ இரண்டாவது கட்டத்துல இன்னொரு நிரல் வரும், சரிதானா? இட்லி பக்கத்துல வெந்தயத்துக்கு சைபர் போடணும்னு அவ சொல்றா.


திருவல்லிக்கேணி வாத்தியார் | ஞாயிறு, காலை 9.40

மிகச் சரி. இரண்டு நிரை, மூன்று நிரல். அணி சதுரமாக இருக்க வேண்டியதில்லை என்பதை வெந்தயம் சொல்லிவிட்டது.

இனி அந்தத் தம்பிக்கு. காஸ் நீக்கல் முறையைக் கண்டுபிடிக்கவில்லை. தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லவும் இல்லை. 1809-ல் எழுதிய கோள் இயக்க நூலில் அதை "வழக்கமான நீக்கல்" என்றே குறிப்பிடுகிறார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனாவில் இது முழு உருவத்தில் இருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழமையான "ஒன்பது அத்தியாயங்கள்" என்ற கணக்கு நூல், அதன் எட்டாவது அத்தியாயம் முழுக்க இதற்குத்தான். 18 கணக்குகள். லியூ ஹுய் என்பவர் கி.பி. 263-ல் அதற்கு உரை எழுதினார்.

முதல் கணக்கு இது. மூன்று தரத்தில் கதிர்க்கட்டுகள். முதல் தரம் 3 கட்டு, இரண்டாம் தரம் 2, மூன்றாம் தரம் 1 சேர்ந்தால் 39 அளவை தானியம். அடுத்து 2, 3, 1 கட்டுக்கு 34. அடுத்து 1, 2, 3 கட்டுக்கு 26. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு தானியம்?

அவர்கள் எழுதவில்லை, பலகை மேல் குச்சிகளை அடுக்கினார்கள். நான் வகுப்பில் ஈர்க்குச்சி ஒடித்துத் தரையில் செய்து காட்டுவேன். ஒவ்வொரு செய்தியையும் ஒரு நிரலாக மேலிருந்து கீழே வையுங்கள். வலது நிரல் 3, 2, 1, 39. நடுநிரல் 2, 3, 1, 34. இடது நிரல் 1, 2, 3, 26.

நடுநிரலை முழுக்க 3-ஆல் பெருக்கு: 6, 9, 3, 102. அதிலிருந்து வலது நிரலை இரண்டு தடவை எடு: 0, 5, 1, 24. மேலே ஓர் இடம் காலியாகிவிட்டது. இடது நிரலையும் 3-ஆல் பெருக்கி வலதை ஒரு தடவை எடுத்தால் 0, 4, 8, 39. இப்போது இடதை 5-ஆல் பெருக்கி நடுநிரலை நான்கு தடவை எடுத்தால் மிஞ்சுவது 36, 99 மட்டும். மூன்றாம் தரம் 36 கட்டுக்கு 99 அளவை, ஆக ஒரு கட்டுக்கு 2¾. பின்னால் ஏறி வந்தால் இரண்டாம் தரம் 4¼, முதல் தரம் 9¼.

இடையில் எங்கேயாவது பின்னம் வந்ததா பாருங்கள். வரவில்லை. கடைசி வகுத்தல் வரைக்கும் முழு எண்கள்தான், ஏனென்றால் குச்சியால் பின்னம் அடுக்குவது தொல்லை. கழிக்கும்போது குறை எண் வந்தால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். செங்குச்சி மிகைக்கு, கருங்குச்சி குறைக்கு என்கிறார் லியூ ஹுய். குறை எண்களை எண்களாக ஏற்றுக்கொள்ள ஐரோப்பா 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலும் தயங்கியது. இங்கே கதிர்க்கணக்கு போடுவதற்காக அவை சாதாரணமாக நுழைந்துவிட்டன. இந்த இடம் எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்ப்பு தரும்.


ஏட்டுச்சுவடி | ஞாயிறு, பகல் 12.30

வாத்தியார் ஐயா, நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சேர்க்கிறேன். சென்னையோடு நேர்த் தொடர்பு உள்ளது.

மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவர், 9-ஆம் நூற்றாண்டு. அவருடைய கணிதசாரசங்கிரகம் சுவடிகளிலேயே கிடந்தது. 1912-ல் சென்னை அரசு அச்சகம் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. பதிப்பித்தவர் எம். ரங்காசார்யர், மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியர், அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளர். மகாவீரரை உலகம் படித்தது சென்னையில் நடந்த அந்த வேலையால்தான்.

அதில் ஒரு கணக்கு. 9 நார்த்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நார்த்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

விதியை அவர் சொல்லும் விதம்: பெரிய விலையைப் பெரிய எண்ணிக்கையால் பெருக்கு, சின்ன விலையைச் சின்ன எண்ணிக்கையால் பெருக்கிக் கழி, எண்ணிக்கைகளின் வர்க்க வித்தியாசத்தால் வகு. 107×9 − 101×7 = 963 − 707 = 256. 81 − 49 = 32. 256-ஐ 32-ஆல் வகுத்தால் 8. நார்த்தம்பழம் 8. அதே மாதிரி 909 − 749 = 160, அதை 32-ஆல் வகுத்தால் விளாம்பழம் 5.


கிண்டி மாணவன் | ஞாயிறு, பகல் 12.52

இது அப்படியே கிராமர் விதியாச்சே (சமன்பாடுகளோட விடையை நேரா வாய்பாடா எழுதற விதி)! கீழே இருக்கற 32 தான் அணிக்கோவை, அதாவது கட்டத்துல இருக்கற எண்கள்ல இருந்து வர ஒற்றை எண் (9×9 − 7×7). அப்போ கிராமர் விதி நம்மளோடது, 900 வருஷம் முந்தியே வந்துடுச்சுன்னு சொல்லலாமா?


ஏட்டுச்சுவடி | ஞாயிறு, பகல் 1.10

சொல்லக் கூடாது தம்பி. எண்கள் இடம் மாறி வரும் கணக்குக்கு மட்டும்தான் அந்த விதி: 9, 7 பிறகு 7, 9. எந்த எண்ணுக்கும், எத்தனை மாறிக்கும் பொருந்தும் பொதுவிதியை மகாவீரர் சொன்னதாகக் காட்ட முடியாது. இரண்டு மாறிக்கு வந்த விடையின் உருவம் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அவர் செய்ததே போதுமான அழகு. செய்யாததை அவர் தலையில் ஏற்றினால், செய்ததையும் யாரும் நம்ப மாட்டார்கள்.


திருவல்லிக்கேணி வாத்தியார் | ஞாயிறு, மாலை 4.30

ஏட்டுச்சுவடி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

அணிக்கோவை பொதுவடிவில் இரண்டு இடத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல் பிறந்தது. ஜப்பானில் செகி தகாகாசு, 1683. ஜெர்மனியில் லைப்னிட்ஸ், 1693-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லோபிதாலுக்கு எழுதிய கடிதத்தில். லைப்னிட்ஸ் கெழுக்களுக்கு (மாறிகளைப் பெருக்கி நிற்கும் எண்களுக்கு) a, b, c என்று வைக்காமல் 10, 11, 12 என்று இரட்டை இலக்கம் வைத்தார். முதல் இலக்கம் எந்தச் சமன்பாடு, இரண்டாவது இலக்கம் எந்த மாறி. இன்று நாம் a-க்குக் கீழே ஒட்டவைக்கும் இரண்டு சிறு எண்கள் அதன் வாரிசுதான். அந்தக் கடிதம் அச்சேறியது 1850-ல்! அதற்குள் இந்த விதியைச் சொல்லும் மெக்லாரினின் நூல் 1748-லும் கிராமரின் நூல் 1750-லும் வந்துவிட்டன.

இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழில் "அணி" என்கிறோம், அதிலிருந்து "அணிக்கோவை" என்கிறோம். சொல்லைப் பார்த்தால் அணி முதலில், கோவை பிறகு. நடந்தது தலைகீழ். அணிக்கோவை 1683, 1693. அணி என்ற பொருளுக்குப் பெயர் கிடைத்தது 1850-ல். ஆங்கிலேயர் சில்வெஸ்டர் வைத்த ‘மேட்ரிக்ஸ்’ என்ற பெயர் லத்தீனில் கருப்பையைக் குறிக்கும். அணிக்கோவைகள் பிறந்து வரும் இடம் என்ற பொருளில் வைத்தார். பிள்ளைகள் பிறந்து நூற்றைம்பது வருடம் கழித்துத் தாய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சில்வெஸ்டரும் கெய்லியும் அப்போது கணித வாத்தியார் வேலையில் இல்லை. கெய்லி லண்டனில் 14 வருடம் வழக்கறிஞர். சில்வெஸ்டர் காப்பீட்டுக் கணக்கர், சட்டமும் படித்தவர். யூதர் என்பதால் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தர 1872 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. நீதிமன்ற வளாகத்தில் நடந்துகொண்டே இவர்கள் பேசியதுதான் இன்று நம் பிளஸ் டூ முதல் பாடம்.

கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சதுர அணியும் தன்னிலிருந்தே பிறக்கும் ஒரு சமன்பாட்டைத் தானே நிறைவு செய்யும் என்பது அது. 1858 கட்டுரையில் கெய்லி 2×2-க்கு நிறுவினார். 3×3-க்குச் சரிபார்த்ததாகச் சொன்னார். பொதுவாக நிறுவும் சிரமம் தேவை என்று தான் நினைக்கவில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். முழு நிறுவல் ஜெர்மன் கணித அறிஞர் ஃப்ரோபினியஸ் கையால் 1878-ல் வந்தது.


சங்கிலி அளவை | ஞாயிறு, இரவு 8.15

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு பரங்கிமலை அடிவாரம். காஸ் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாட்டையே முக்கோணங்களாகப் பிரித்து அளந்த இந்தியப் பெருமுக்கோண அளவைக்கு, ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் அடிக்கோடு (முதலில் நேராக அளக்கும் பக்கம்) போட்டது எங்கள் மலையடியில்தான். 1802 ஏப்ரல் 10 தொடக்கம். நூறடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கம்பிகள் நாற்பது சேர்த்தது. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, பெட்டிக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்தார்கள். சித்திரை வெயிலில் எஃகு நீளும், நீண்டதைக் கழிக்க வேண்டும். அப்படியே நகர்த்தி நகர்த்தி ஏறக்குறைய ஏழரை மைல். நான் சைதாப்பேட்டையில் வேலை கற்றுக்கொண்டபோது சித்திரை மாதத்தில் கைச்சங்கிலி பிடித்திருக்கிறேன். மதியம் கொளுத்தும் வெயிலில் கண் கூசும்போது ஒரு கண்ணி தவறாக எண்ணிவிட்டால், மாலை வரைக்கும் அந்தப் பிழை கூடவே நடந்து வரும்.

அணிகளும் சமன்பாட்டுத் தொகுதிகளும் சேர்ந்த நேரியல் இயற்கணிதம் எங்கள் தொழிலுக்குள் வருவது இங்கேதான். முக்கோணத்தின் மூன்று கோணத்தையும் அளந்தால் 180 பாகை வரவேண்டும் (பூமி உருண்டை என்பதால் துளி அதிகம்). வரவே வராது. ஒரு முக்கோணத்தைச் சரிக்கட்டினால் பக்கத்து முக்கோணம் கெடும், ஏனென்றால் பக்கம் பொதுவானது. ஆயிரக்கணக்கான கோணங்கள், தேவைக்கு மேல் சமன்பாடுகள், எல்லாம் ஒன்றோடு ஒன்று லேசாக முரண்படும். எதை நம்புவது? பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி எடு என்பது மீச்சிறு வர்க்க முறை. பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805-ல் வெளியிட்டார். 1795 முதலே தான் இதைப் பயன்படுத்துவதாகக் காஸ் 1809-ல் எழுதினார், இருவருக்கும் மனக்கசப்பு. அந்த முறை கடைசியில் கொடுப்பது ஒரு நேரியல் சமன்பாட்டுத் தொகுதி. தீர்க்க நீக்கல் முறை வேண்டும். காஸ் 1810-ல் பல்லாஸ் சிறுகோளுக்கு 6 மாறிகளோடு செய்தது இதுதான். அவர் கொண்டுவந்த புதுமை அந்த வேலையைச் சுருக்கி எழுதும் குறியீடு. அதைத்தான் உலகத்து நில அளவையாளர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

லாம்டன் காலத்தில் இங்கே இந்த முறை வரவில்லை. பின்னாளில் வாக்கர் தலைமையில் 1870களில் மொத்த இந்திய வலையையும் மீச்சிறு வர்க்கத்தில் சரிக்கட்ட உட்கார்ந்தபோது, எல்லாச் சமன்பாட்டையும் ஒரே தொகுதியாகத் தீர்க்க மனிதக் கைகளால் முடியவில்லை. நாட்டை ஐந்து பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள்.

காஸே ஹனோவரில் வருடக்கணக்கில் நில அளவை செய்தவர். 1823-ல் கெர்லிங் என்ற பழைய மாணவருக்கு எழுதிய கடிதத்தில், நீக்காமல் தோராய விடையைத் திருத்தித் திருத்திக் கிட்டே போகும் வழியைச் சொல்லி, இதைப் பாதித் தூக்கத்திலும் செய்யலாம் என்கிறார். களப்பணி முடிந்து இரவு விளக்கில் கணக்கு எழுதியவனுக்குத்தான் அந்த வரியின் அருமை தெரியும்.


கிண்டி மாணவன் | ஞாயிறு, இரவு 8.50

ஐயா, எங்க கல்லூரியே 1794-ல நில அளவைப் பள்ளியா ஆரம்பிச்சதுதான். நாங்க அங்க காஸ்–ஜோர்டான் முறையை (நீக்கல் முறையோட இன்னொரு வடிவம்) படிக்கறோம், ஆனா இந்தத் தொடர்பை இன்னிக்குதான் கேக்கறேன். ஜோர்டான் வடிவம்னு இன்னொண்ணும் வருது. இரண்டும் ஒரே ஆளா?


சங்கிலி அளவை | ஞாயிறு, இரவு 9.05

வேறு வேறு ஆள் தம்பி. காஸ்–ஜோர்டானில் வருபவர் வில்ஹெல்ம் ஜோர்டான், எங்களைப் போல நில அளவைக்காரர், ஜெர்மன். ஜோர்டான் வடிவம் தந்தவர் கமீல் ஜோர்டான், பிரெஞ்சுக் கணித அறிஞர், 1870.

சோலெஸ்கி பெயரையும் படித்திருப்பாய். பிரெஞ்சு ராணுவ அதிகாரி, கிரீட் தீவில் முக்கோண அளவை செய்தவர். சமச்சீர் அணியை இரண்டு முக்கோண அணிகளாகப் பிளக்கும் வழியை அளவைக் கணக்குக்காகவே செய்துவைத்தார். 1918 ஆகஸ்ட் 31-ல் போரில் இறந்தார். அவருடைய முறையைச் சக அதிகாரி ஒருவர் 1924-ல் அச்சில் கொண்டுவந்தார். முன்பின் தெரியாத மனிதர்தான், ஆனாலும் அந்தத் தேதியைப் படித்த அன்று எனக்கு மனசு கனத்துவிட்டது. போர் முடிய இரண்டரை மாதம்கூட இல்லை.


தரமணி இரவுப்பணி | திங்கள், அதிகாலை 2.10

வேலை நடுவுல எழுதறேன். இங்க சர்வர்கள் ராத்திரி முழுக்கச் செய்யறது அணிப் பெருக்கல்தான். படத்துல முகம் தேடறது, ஒரு மொழியில இருந்து இன்னொரு மொழிக்கு மாத்தறது, எல்லாம் கடைசியில அக்கா கடை அரிசி–உளுந்துக் கணக்குதான், கட்டம் மட்டும் ஆயிரக்கணக்குல பெருசு.

கணினி பிறந்ததே இதுக்காகத்தான்னு சொல்லலாம். அட்டனாசாஃப் அமெரிக்காவுல 1930கள் கடைசியில கட்ட ஆரம்பிச்ச இயந்திரம் 29 மாறி வரைக்கும் சமன்பாடு தீர்க்கறதுக்கு மட்டுமே. அப்புறம் ஒரு பயம் வந்துச்சு: இயந்திரம் ஒவ்வொரு அடியிலும் தசமத்தை வெட்டுதே, அந்தச் சின்னப் பிழைகள் சேர்ந்து விடையையே கெடுத்துடாதா? ஃபான் நாய்மனும் கோல்ட்ஸ்டைனும் 1947-ல, டியூரிங் 1948-ல, இதைப் பத்தியே எழுதினாங்க. சீனாக்காரங்க பின்னத்தைத் தள்ளிப் போட்டதைப் படிச்சப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணு. 2×2 அணிகள் இரண்டைப் பெருக்க 8 பெருக்கல் வேணும்னு பள்ளிக்கூடத்துல படிக்கறோம். 1969-ல ஸ்ட்ராசன் 7 போதும்னு காட்டினார். நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் தினம் செஞ்ச வேலையில ஒரு பெருக்கல் மிச்சம் இருந்திருக்கு.


திருவல்லிக்கேணி வாத்தியார் | திங்கள், காலை 6.20

ஒருவரை மட்டும் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. ஹெர்மன் கிராஸ்மன். ஸ்டெட்டின் ஊரில் பள்ளி வாத்தியார். 1844-ல் ஒரு நூல் எழுதினார். திசையன் வெளி, நேரியல் சார்பின்மை, பரிமாணம், இன்று கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் என்று எதைச் சொல்கிறோமோ அதன் உயிர் அதில் இருந்தது, மூன்று பரிமாணத்தோடு நிற்காமல் எத்தனை பரிமாணத்துக்கும். யாரும் படிக்கவில்லை. பல்கலைக்கழக வேலை கேட்டபோது கணித அறிஞர் கும்மர் மதிப்புரை எழுதினார்: நல்ல விஷயம், குறைபட்ட வடிவம். வேலை கிடைக்கவில்லை. விற்காத பிரதிகள் பழைய தாளாகப் போயின. 1862-ல் திருத்தி மறுபடி எழுதினார், அதுவும் அப்படியே.

மனிதர் சமஸ்கிருதத்துக்குத் திரும்பினார். 1870களில் ரிக்வேதத்துக்கு அவர் தொகுத்த அகராதி மொழியறிஞர்களிடம் பெரும் மதிப்புப் பெற்றது, இன்றும் பயன்படுகிறது. கணிதத்துக்கு வந்த மரியாதை அவர் 1877-ல் இறந்த பிறகு. இத்தாலியின் பெயானோ 1888-ல் அவரைப் படித்து, திசையன் வெளிக்கு நாம் இன்று சொல்லும் அடிப்படை விதிகளை எழுதினார்.

காலையில் மணியடித்து, மாலை வரை வகுப்பெடுத்து, நோட்டுத் திருத்திவிட்டு, அதற்குப் பிறகு ஒருவர் இதை எழுதியிருக்கிறார். மாணவர் இருக்கும் ஒவ்வொரு கணக்கு வாத்தியாரும் இவர் பெயரை ஒரு முறையாவது கரும்பலகையில் எழுத வேண்டும்.


மடிப்பாக்கம் மாவுக்கடை | திங்கள், இரவு 10.40

சார், எல்லாத்தையும் பொண்ணு படிச்சுட்டா. விளக்குமாத்துல இருந்து ஈர்க்குச்சி உருவி சமையலறைத் தரையெல்லாம் பரப்பி வெச்சிருக்கா. கதிர்க்கட்டு கணக்குக்கு விடை வந்துடுச்சு. அவ ஒரு கேள்வி கேக்கறா, அவ சொன்னபடியே எழுதறேன்: "அணிக்கோவை பூச்சியமானா விடை இல்லைன்னு புத்தகத்துல போட்டிருக்கு, சில சமயம் எண்ணற்ற விடைன்னும் போட்டிருக்கு. மூணு மாறிக்கு மூணு சமன்பாடு குடுத்தாச்சு, அப்புறம் எப்படி விடை நிக்காமப் போகும்?"


திருவல்லிக்கேணி வாத்தியார் | செவ்வாய், காலை 6.00

குழந்தை கேட்டிருப்பது சுவிஸ் கணித மேதை ஆய்லர் கேட்டது. 1750-ல் கிராமரும் ஆய்லரும் ஒரு முரண்பாட்டில் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் படி வளைவரை (அடுக்கு மூன்று வரை வரும் சமன்பாட்டின் கோடு) ஒன்றைத் தீர்மானிக்க 9 புள்ளிகள் போதும். ஆனால் இரண்டு மூன்றாம் படி வளைவரைகள் ஒன்றையொன்று 9 புள்ளிகளில் வெட்டலாம். அப்படியானால் அதே 9 புள்ளி வழியே இரண்டு வளைவரை போகிறதே? 9 சமன்பாடு 9 மாறியைத் தீர்மானிக்கும் என்பதைத்தான் யாரும் சந்தேகப்படவில்லை. ஆய்லர் சந்தேகப்பட்டார். சமன்பாடுகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கலாம், எண்ணிக்கையில் 9 இருந்தாலும் செய்தி குறைவாக இருக்கலாம் என்றார். அணியின் தரம் என்று நீங்கள் பாடத்தில் படிப்பது, எத்தனை செய்தி நிஜமாகவே வேறு வேறு என்ற அந்த எண்ணிக்கைதான். ஃப்ரோபினியஸ் 1879-ல் அதற்குப் பெயர் வைத்தார்.

கடைக் கணக்கில் தேடச் சொல்லுங்கள், கிடைக்கும்.


மடிப்பாக்கம் மாவுக்கடை | வியாழன், இரவு 11.05

கிடைச்சுது சார். விலையைத் தெரியாத மாதிரி வெச்சுக்கிட்டு, கல்லாவுல வந்த பணத்தை வெச்சு பாக்கெட் விலையைக் கண்டுபிடிக்கணும்னு ஆரம்பிச்சா. திங்கக்கிழமை இட்லி மாவு 20 பாக்கெட், தோசை மாவு 10, கல்லாவுல 1250. செவ்வாய்க்கிழமை 40, 20, கல்லாவுல 2500. குச்சி அடுக்கிக் கழிச்சா எல்லாமே காலி, ஒரு குச்சிகூட மிஞ்சல. "செவ்வாய்க்கிழமை புதுசா எதுவும் சொல்லலைம்மா, திங்கக்கிழமையையே ரெண்டு தடவை சொல்லியிருக்கு"ன்னா.

புதன்கிழமை 30, 25, கல்லாவுல 2325. திங்களை மூணால, புதனை ரெண்டால பெருக்கிக் கழிச்சா. தோசை மாவு 20 பாக்கெட்டுக்கு 900, ஆக பாக்கெட் 45. இட்லி மாவு 40. சரியா வந்துடுச்சு.